தைரேசியசின் வாக்கும் இளங்கோவின் துறவும்

கிரேக்கத் தொன்மம் போற்றும் நிமித்திகருள் தலையாயவன் தீபசு நகரத்துத் தைரேசியசு. புறக்கண் இழந்தவன், வருவதுணர்ந்து உரைப்பவன். சோபோக்கிளீசின் 'ஈடிப்பசு மன்னன்', 'அந்திகொனி' ஆகிய இரு நாடகங்களிலும் அரசர் அவனைக் கைக்கூலிக்கு உரைப்பவன் எனப் பழிக்கின்றனர். எனினும் அவன் வாக்குப் பொய்க்கவில்லை. அப்பழிச்சொல்லுக்கும் அவ்வாக்கிற்கும் பிற்காலத்தில் நேர்ந்தது என்ன என்பதைச் சுவிற்சர்லாந்துப் படைப்பாளர் இருவர்வழிக் காணலாம்.

முதலாமவர் ஆர்தர் ஒனேகர். சுவிற்சர்லாந்துப் பெற்றோர்க்கு 1892இல் பிரான்சில் பிறந்தவர். அவருடைய 'அந்திகொனி' இசைநாடகம் 1927இல் பிரசெல்சில் அரங்கேறியது. சொற்களின் முதலசைக்கு அழுத்தந்தந்து, பேச்சின் விரைவிலேயே இசையை நடத்தினார் அவர். எனவே நிமித்திகனின் எச்சரிக்கை இன்னிசையாகக் கனியாமல் அறிவுரையாகவே செவியில் அறைகிறது. கிரியோன் மனம் மாறுகிறான். ஆனால் காலம் கடந்துவிடுகிறது.

இரண்டாமவர் பிரீட்ரிக் டூரன்மாட்டு. 1976இல் வெளிவந்த 'பித்தியாவின் இறப்பு' என்னும் அவரது கதையில் பழைய பழிச்சொல் உண்மையாகிறது. இங்கே தைரேசியசு அரசியற் கணக்குடன் குறிவாக்குகளை வகுப்பவன். தெல்பிக் கோயிற் பூசகியோ, சலிப்புற்று, நடக்கவே இயலாத ஒன்றை ஈடிப்பசிடம் விளையாட்டாகச் சொல்கிறாள். அதுவே நடந்துவிடுகிறது. கணக்கும் கற்பனையும் உலகின்முன் ஒருங்கே தோற்கின்றன.

இவற்றோடு சிலப்பதிகார வரந்தரு காதையை ஒப்புநோக்குதல் தகும். அரசு வீற்றிருக்கும் பொறி இளையவனுக்கே உண்டென ஒருவன் அவையில் உரைக்க, இளங்கோ அவனைச் சினந்து நோக்கி, தமையன் செங்குட்டுவனின் துயர் நீங்கத் துறவு பூண்டான். இச்செய்தியைப் பத்தினித் தெய்வம் தேவந்திகைமேல் தோன்றி உரைப்பதாகக் காப்பியம் அமைக்கிறது. ஈடிப்பசு வாக்கிற்கு அஞ்சி ஓடினான். ஓடிய வழியிலேயே அது நிறைவேறியது. இளங்கோவோ வாக்கு நிறைவேறுதற்குரிய அரசுரிமையையே துறந்தான். முன்னவனை அச்சமும் பின்னவனை உடன்பிறப்பன்பும் செலுத்தின. ஊழ் உருத்துவந்து ஊட்டும் என நிறுவும் காப்பியமே, குறிவாக்கு வெல்லாத ஓரிடத்தையும் தன் ஆசிரியன் வாழ்வில் காட்டிநிற்பது ஆய்வுக்குரியது.

லுட்சேர்ன் மாநிலத்து எம்மன்புரூக்கே போன்ற ஊர்களில் வளரும் நம் இளையோர் டூரன்மாட்டைச் செருமன்மொழிப் பாடமாகக் கற்கும் வாய்ப்புடையோர். இளங்கோவை அறியாமல் அவர்கள் தைரேசியசை மட்டும் அறிவாராயின், ஊழின் முன் மனிதன் செய்யக்கூடுவது தப்பியோடலோ ஏளனமோ மட்டுமே என்று கருதிவிடக்கூடும். இரு பனுவல்களையும் அருகருகே வைத்துக் கற்பித்தல் புலம்பெயர் தமிழ்க்கல்வியின் கடமையாகும்.