அடங்காத பிள்ளைக்கு மாத்திரையா?



பிள்ளைகளுக்கான மனநல ஊழியத்தைத் தாங்கிவருகிற உங்களில் சிலர், எங்களை நேரில் காணும்போது ஒரு கேள்வி கேட்கிறீர்கள். “வகுப்பில் அடங்கி உட்காராத பிள்ளைக்கு மாத்திரையா? அதுவும் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிற மாத்திரையா? எங்கள் காணிக்கை இதற்கா செலவாகிறது?” கேட்கவேண்டிய கேள்விதான். இந்த மடலில் அதற்கு விவரமாகப் பதில் எழுதுகிறோம்.

முதலில் பிள்ளையைப் பற்றிச் சொல்லவேண்டும். சங்கரன்கோவில் வட்டாரத்தில் விசைத்தறியையும் விவசாயத்தையும் நம்பிப் பிழைக்கும் குடும்பங்களே அதிகம். பள்ளியிலிருந்து புகார் வந்தால், தாயோ தகப்பனோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் போய்ப் பதில் சொல்லவேண்டும். “ஒரு நிமிஷம் ஒரு இடத்தில் இருக்கமாட்டான், பலகையைப் பார்க்கமாட்டான், புத்தகத்தைத் தொலைத்துவிடுகிறான், சொல்லி முடிக்குமுன் எழுந்து ஓடுகிறான்” என்பதே புகார். வீட்டில் அடி விழும், பள்ளியிலும் தண்டனை கிடைக்கும். ஆனாலும் பிள்ளை மாறுவதில்லை. கொஞ்ச நாளில் ‘அடங்காதவன்’ என்பதே அவன் பெயராகிவிடுகிறது.

இவர்களில் சிலருக்கு இருப்பது குறும்பு அல்ல, நோய். மருத்துவர்கள் இதைக் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறு என்கிறார்கள், சுருக்கமாக ஏ.டி.எச்.டி. இது அரிய நோயும் அல்ல. கோயம்புத்தூரில் நான்கு பள்ளிகளைச் சேர்ந்த 770 ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வு, நூற்றுக்குப் பதினொரு பேரிடம் இதைக் கண்டது. உலக அளவில் ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து பேர் என்று கணக்கிடுகிறார்கள்.

எல்லாக் குறும்பும் நோயா?

இல்லை. இதற்குக் கண்டிப்பான அளவுகோல் உண்டு. அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்கவேண்டும். ஆறு மாதமாவது நீடித்திருக்கவேண்டும். பள்ளியில் மட்டும் அல்லது வீட்டில் மட்டும் என்றில்லாமல் இரண்டு இடத்திலாவது தெரியவேண்டும். படிப்பையும் பழக்கத்தையும் உண்மையாகவே கெடுத்திருக்கவேண்டும்.

அதற்கும் முன்னே பார்க்கவேண்டியவை பல. பிள்ளைக்குக் கண் சரியாகத் தெரிகிறதா, காது கேட்கிறதா? இரத்தசோகை உண்டா? நடுநடுவே சில விநாடி வெறித்துப் பார்க்கும் வலிப்பு நோய் உண்டா? மூக்கடைத்து, குறட்டை விட்டுத் தூங்குகிறதா? இரவில் தறிச் சத்தத்துக்கு நடுவே போதுமான தூக்கமில்லாத பிள்ளை, பகலில் சோர்ந்து விழுவதற்குப் பதில் துறுதுறுவென்று அலைவதும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு வேண்டியது தூக்கம், மாத்திரை அல்ல. நீங்கள் தரும் பணத்தில் பெரும்பகுதி மாத்திரை வாங்கப் போவதில்லை. இப்படி உட்கார்ந்து பொறுமையாக விசாரித்துப் பரிசோதிக்கிற நேரத்துக்கே அது போகிறது.

மாத்திரை என்ன செய்கிறது?

இது புதுமருந்து அல்ல. 1937-இல் அமெரிக்காவின் கிழக்கு பிராவிடன்ஸ் நகரில் பிள்ளைகள் மருத்துவமனை ஒன்றை நடத்திய டாக்டர் சார்லஸ் பிராட்லி, 30 பிள்ளைகளுக்கு பென்செட்ரின் என்ற தூண்டு மருந்தை ஒரு வாரம் கொடுத்தார். அவர்களில் 14 பேர் பாடத்தில் காட்டிய முன்னேற்றம் அவரையே வியக்கவைத்தது. தூண்டுகிற மருந்து துறுதுறுப்பைக் கூட்டும் என்றுதானே நினைப்போம்? அந்தப் பிள்ளைகளோ அமைதியடைந்தார்கள். இன்று அதிகமாகக் கொடுக்கப்படுவது மெத்தில்பெனிடேட். 1944-இல் சுவிட்சர்லாந்தில் சீபா நிறுவனத்தின் வேதியியலர் பனிஸோன் இதை உருவாக்கினார். அவருடைய மனைவியின் செல்லப்பெயர் ரீட்டா. அதிலிருந்தே ‘ரிட்டலின்’ என்ற பெயர் வந்தது.

நம் ஊர்க் குளத்தையும் மடையையும் வைத்து இதை விளங்கிக்கொள்ளலாம். மடை திறந்தாலும், தண்ணீர் வயலைச் சேருமுன் வாய்க்காலிலேயே வடிந்துபோனால் பயிர் வாடும். மூளையில் கவனத்தையும் அடக்கத்தையும் நடத்துகிற டோபமின், நாரட்ரினலின் என்ற இரசாயனங்களும் அப்படித்தான். சுரந்தவுடனே திரும்ப உறிஞ்சப்பட்டுவிட்டால் வேலை நடக்காது. மெத்தில்பெனிடேட் அந்த உறிஞ்சுதலைத் தடுக்கிறது. அப்போது பிள்ளை தன்னைத்தானே நிறுத்திக்கொள்ள முடிகிறது. சாதாரண மாத்திரை மூன்று, நான்கு மணிநேரம் வேலை செய்யும். மெதுவாகக் கரையும் வகை பள்ளி நேரம் முழுவதும் நிற்கும்.

இது நோயை அடியோடு நீக்குவதில்லை. கண்ணாடி போட்டால் எழுத்து தெரிகிறது, கழற்றினால் தெரிவதில்லை, அதைப் போன்றதே. எல்லாப் பிள்ளைகளுக்கும் இது பலிப்பதும் இல்லை. பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம், தலைவலி, வயிற்றுவலி வரலாம். நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் சற்று ஏறலாம். வளர்த்தி கொஞ்சம் மட்டுப்படலாம். ஆகையால் இருதயநோய் உண்டா என்று முதலில் விசாரித்து, பிறகு ஒவ்வொரு வருகையிலும் எடையும் உயரமும் பார்க்கவேண்டும். ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு, பெற்றோருக்கு வழிமுறை கற்றுக்கொடுப்பதே முதல் வைத்தியம்.

தூக்கம் வந்து விழுகிறவர்கள்

இதே குடும்பத்து மருந்துகள் இன்னொரு கூட்டத்தாருக்கும் உதவுகின்றன. இரவெல்லாம் தூங்கியும் பகலில் பேச்சின் நடுவே, சாப்பாட்டின் நடுவே தூங்கி விழுகிறவர்கள் உண்டு. சிரித்தால்கூட சிலருக்கு முழங்கால் தளர்ந்துவிடும். 1880-இல் பிரான்சு தேசத்து மருத்துவர் ழெலினோ இதற்கு நார்கோலெப்சி என்று பெயர் வைத்தார். மூளையில் விழிப்பைக் காக்கும் ஓரெக்சின் என்ற பொருள் குறைவதால் இது வருகிறது என்பது அதற்கு நூறு வருஷத்துக்கும் மேல் கழித்தே விளங்கிற்று. விசைத்தறி ஓட்டுகிறவருக்கு இந்த நோய் இருந்தால், கை போகும் ஆபத்து. ஊர் அவருக்கு வைக்கிற பெயரோ ‘சோம்பேறி’.

இவர்களுக்கு மெத்தில்பெனிடேட்டும், 1998-இல் அமெரிக்கா அங்கீகரித்த மோடபினிலும் பயன்படுகின்றன. மோடபினிலைப் பரீட்சைக்குக் கண்விழிக்கிற மாணவர்களும் இரவில் வண்டி ஓட்டுகிறவர்களும் தாங்களாக வாங்கிச் சாப்பிடக்கூடாது. சிலருக்கு உயிரையே பாதிக்கும் தோல் ஒவ்வாமை வரக்கூடும். கருத்தடை மாத்திரையின் பலத்தையும் இது குறைக்கும்.

பூட்டு எதற்கு? தூரம் எவ்வளவு?

அளவுக்கு மீறினாலும், நோயில்லாதவர் எடுத்தாலும் மெத்தில்பெனிடேட் பழக்கமாகிவிடும். ஆகவே அது 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திலும், மருந்து விதிகளின் ‘எக்ஸ்’ அட்டவணையிலும் இடம்பெற்றிருக்கிறது. மருத்துவர் சீட்டை இரண்டு பிரதியாக எழுதவேண்டும். ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருஷம் வைத்திருக்கவேண்டும். விற்கத் தனி உரிமம் வேண்டும். தனி அலமாரியில் பூட்டி வைக்கவேண்டும். இந்தப் பூட்டு அவசியமானது. அதை நாங்கள் குறைசொல்லவில்லை.

ஆனால் சிறிய ஊர்களில் அந்த உரிமத்தை எடுக்கிற கடைகள் அரிது. சங்கரன்கோவிலிலிருந்து தேவர்குளம், மானூர் வழியாகத் திருநெல்வேலி போய்ச் சேர ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். சீட்டும் பல மாதத்துக்குச் சேர்த்து எழுதப்படுவதில்லை. ஒவ்வொரு தடவையும் இரண்டு பேருக்குப் பேருந்துக் கட்டணம், ஒரு நாள் கூலி, பிள்ளைக்கு ஒரு நாள் பள்ளி. மூன்றாவது மாதம் தாய் வராமல் நின்றுவிட்டால் அது அலட்சியம் அல்ல. கையில் காசு இல்லாமையே. அப்போது வகுப்பில் அமர்ந்து எழுதத் தொடங்கிய பிள்ளை மறுபடியும் வாசலுக்கு வெளியே நிறுத்தப்படுகிறான். இந்த அட்டவணையில் சேராத அடோமாக்ஸிடின் என்ற மருந்தும் உண்டு. அது தூண்டு மருந்து அல்ல. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். சிலருக்கு அதுவே போதும், சிலருக்குப் போதாது.

ஆகையால் உங்கள் காணிக்கையில் பேருந்துக் கட்டணம் என்று ஒரு தொகை எழுதியிருந்தால், அதைச் சில்லறைச் செலவு என்று எண்ணவேண்டாம். மருந்து தொடருவதும் நின்றுபோவதும் பலருக்கு அதிலேதான் இருக்கிறது.

மாத்திரையோடு நிற்பதில்லை

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957-இல் பாகாயத்தில் மனநல மையத்தைத் தொடங்கிற்று. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கி, வைத்தியத்தில் பங்கெடுக்கும் முறை அங்கே பல வருஷமாக நடந்துவருகிறது. நாங்களும் பெற்றோரை வெளியே உட்காரவைப்பதில்லை. ஒரு தடவைக்கு ஒரே வேலை சொல்வது, செய்து முடித்தவுடன் பாராட்டுவது, தூங்கும் நேரத்தை ஒழுங்கு செய்வது, வகுப்பில் முன்வரிசையில் உட்காரவைப்பது என்று கற்றுக்கொடுக்கிறோம். அடியினால் இந்த நோய் குணமாவதில்லை என்பதையும் சொல்கிறோம்.

“ஜெபித்தால் போதாதா, மாத்திரை எடுப்பது விசுவாசக் குறைவு அல்லவா?” என்று கேட்கிற பெற்றோரும் உண்டு. காசநோய்க்கு மாத்திரை விழுங்குகிறவரை நாம் யாரும் விசுவாசமற்றவர் என்பதில்லை. அதே நியாயம் இந்தப் பிள்ளைக்கும் உண்டு என்று பதில் சொல்கிறோம். அவர்களோடு ஜெபிக்கவும் செய்கிறோம்.

உங்களிடம் நாங்கள் கேட்பது பணம் மட்டுமல்ல. உங்கள் ஓய்வுநாள் பள்ளியிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். வெளியே நிறுத்துமுன் அவன் தாயிடம் இரண்டு வார்த்தை அன்பாகப் பேசுங்கள். எங்கே போவது என்று தெரியாதவர்களுக்கு மத்திய அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416-ஐச் சொல்லுங்கள்; 2022-இல் தொடங்கிய இந்தச் சேவையில் தமிழிலேயே பேசலாம். ஒரு பிள்ளைக்கு எழுதிய மாத்திரையை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்க யாரையும் விடாதிருங்கள். மாதந்தோறும் பேருந்து ஏறி வருகிற தாய்மாரை உங்கள் குடும்ப ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.


மருத்துவமனை ஊழியர்கள்