படியேறி வரும் சிகிச்சை

கடுகண்ணாவையில் பெருந்தெருவை ஒட்டிய கடைகளை விட்டால், அநேகமான வீடுகளுக்கு ஏறிப் போக வேண்டும் அல்லது இறங்கிப் போக வேண்டும். டோசன் கோபுரத்தைக் கடந்து பிலிமத்தலாவைப் பக்கம் போகும் பஸ்ஸில் இருந்து பார்த்தாலே தெரியும். மண்ணை வெட்டிக் கல் பதித்த படிகள், கைப்பிடி இல்லாத கொங்கிரீட் படிகள், மழைக்குப் பாசி பிடித்த ஒற்றையடிப் பாதைகள். நடக்க முடியாத பிள்ளை உள்ள வீட்டில் எந்தக் கணக்கும் இந்தப் படிகளில்தான் தொடங்கும். இரண்டு வயதில் பிள்ளை தோளோடு வந்துவிடும். ஏழு வயதில் இருபது கிலோ. மூளை முடக்குவாதத்தால் கால்கள் விறைத்து, ஒன்றோடொன்று கத்தரியாகப் பின்னிக்கொண்ட பிள்ளை என்றால் அந்த இருபது கிலோ இன்னும் கனக்கும்.

கண்டி தேசிய வைத்தியசாலைக்குப் போக ஒரு பஸ் போதும். திகன புனர்வாழ்வு வைத்தியசாலை என்றால் கண்டி நகரையும் தாண்டி அடுத்த பக்கம் போக வேண்டும். தோட்டத்தில் வேலை செய்யும் தாய்க்கு அன்றைக்குப் பேர் விழாது. துணைக்கு வரும் கணவனுக்கோ தம்பிக்கோ அன்றைய கூலியும் போகும். இயன்மருத்துவரிடம் கிடைப்பது அரை மணி நேரம், அதற்குச் செலவாவது ஒரு முழு நாள். சில தடவை போய்விட்டு நிறுத்திவிடுகிறார்கள். “அக்கறையில்லாத ஆட்கள்” என்று அவர்களைச் சொல்வோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பேச்சில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை. அக்கறை இல்லாத தாய் முதல் தடவையே அந்தப் படிகளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்க மாட்டாள்.

இதே கணக்கோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டி, ஒரு வழியையும் கண்டுபிடித்த நிறுவனம் ஒன்று இன்னொரு மலையடிவாரத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கே, தென்காசிக்குப் பக்கத்தில் உள்ள ஆய்க்குடியின் அமர் சேவா சங்கம் அது. இலாப நோக்கில்லாத அந்த நிறுவனத்தின் வரலாற்றை நம் பக்கத்தில் உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன் பொறியியல் படித்துக்கொண்டிருந்த இளைஞர். 1975 ஜனவரியில், இந்தியக் கடற்படை அதிகாரி தேர்வுக்காகப் பெங்களூருக்குப் போனார். உடல்திறன் சோதனையில் தடை தாண்டும்போது விழுந்து கழுத்தெலும்பில் அடிபட்டது. முதுகுத்தண்டு நரம்பு சேதமாகி, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. இப்படி அடிபட்டவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும். சிறுநீர் தேங்கினால் கிருமி தொற்றும், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். விபத்தில் தப்பியவர்கள் வீடு திரும்பிய சில மாதங்களிலேயே இந்த இரண்டு காரணங்களால் இறந்துபோவது அந்நாளில் சர்வசாதாரணம். இராமகிருஷ்ணன் இராணுவ வைத்தியசாலையில் நீண்டகாலம் இருந்தார். அங்கே அவருக்கு வைத்தியம் செய்து, அதற்கும் மேலாக மனத்தைத் தேற்றியவர் டாக்டர் அமர்ஜித் சிங் சஹல். சங்கத்தின் பெயரில் உள்ள ‘அமர்’ அவர்தான்.

ஊர் திரும்பிய இராமகிருஷ்ணன் 1981இல் சங்கத்தைத் தொடங்கினார். அது ஐக்கிய நாடுகள் சபை மாற்றுத்திறனாளிகளுக்கான சர்வதேச ஆண்டாக அறிவித்த ஆண்டு. தொடக்கம் ஓலைக் கொட்டகையும் சில பிள்ளைகளும்தான். இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய பிள்ளைகள் அன்று ஊர்தோறும் இருந்தார்கள். அவர்களுக்குத் தங்க இடம், படிப்பு, காலுக்குக் காலிப்பர், கைத்தொழில் என்று சங்கம் மெல்ல வளர்ந்தது. 1992இல் சங்கர ராமன் வந்து சேர்ந்தார். தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் வாழும் பட்டயக் கணக்காளர் அவர். கணக்குவழக்குத் தெரிந்த ஒருவர் வந்து சேர்ந்ததை வரலாற்றில் சிறிய விஷயமாக நான் நினைக்கவில்லை. நன்கொடையில் இயங்கும் நிறுவனங்கள் பல, நல்ல மனம் இருந்தும் ஒழுங்கான ஏடு இல்லாமல் படுத்துவிடுகின்றன. இன்று முப்பது ஏக்கர் வளாகத்தில் பாடசாலை, சிகிச்சைக் கூடங்கள், காலிப்பரும் செயற்கை உறுப்புகளும் செய்யும் பட்டறை, முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் மாதக்கணக்கில் தங்கிப் பழகும் விடுதி எல்லாம் இருக்கின்றன. 2020இல் இராமகிருஷ்ணனுக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ வழங்கியது.

இத்தோடு நின்றிருந்தால் மனவுறுதியால் உயர்ந்த ஒரு மனிதரின் கதையாக இது முடிந்திருக்கும். அப்படிப்பட்ட கதைகளை வாரப் பத்திரிகைகள் நிறையவே எழுதிவிட்டன. சங்கம் அடுத்து எடுத்த முடிவில்தான் என் கவனம் இருக்கிறது. எவ்வளவு பெரிய வளாகம் கட்டினாலும் அதற்குள் வரக்கூடியவர்கள் சிலர்தான். இளம்பிள்ளை வாதம் ஒழிந்துகொண்டிருந்தது. ஆனால் பிரசவத்தில் மூச்சுத்திணறிய பிள்ளைகளும் குறைமாதப் பிள்ளைகளும் பிழைத்து வளர்ந்தார்கள். மூளை முடக்குவாதம், வளர்ச்சித் தாமதம், ஓட்டிசம். இவற்றுக்கெல்லாம் முதல் ஐந்தாறு வருடங்கள்தான் பொன்னான காலம். அந்த வயதில் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து விடுதியில் வைக்கவும் முடியாது, தாயை வாரந்தோறும் வரச் சொல்லவும் முடியாது. ஆகவே சிகிச்சையை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இந்த எண்ணத்தின் வேர் நம் தீவில் இருக்கிறது. இதை இங்கே பலர் அறிவதில்லை. பத்மனி மென்டிஸ் இலங்கையைச் சேர்ந்த இயன்மருத்துவர். 1970களின் கடைசியில், ஐனார் ஹெலண்டர், குன்னல் நெல்சன் ஆகியோருடன் சேர்ந்து உலக சுகாதார தாபனத்துக்காக ஒரு கைநூலை எழுதினார். 1979இல் முதல் வடிவம் வந்தது. பல நாடுகளில் பயன்படுத்திப் பார்த்துத் திருத்தி, ஆன் கோர்ட் என்பவரும் சேர்ந்துகொள்ள, 1989இல் முழுநூலாக வெளியிட்டார்கள். மொத்தம் 34 சிறு புத்தகங்கள். நான்கு வழிகாட்டிகள், முப்பது பயிற்சிப் புத்தகங்கள். கோட்டுப் படங்களோடு, வைத்தியச் சொற்கள் இல்லாமல், வீட்டில் உள்ள ஒருவர் படித்துச் செய்யும்படி எழுதியவை. சமுதாய அடிப்படையிலான புனர்வாழ்வு என்று உலகம் முழுக்கப் பேசும் முறைக்கு அதுதான் அடித்தளம். அதை எழுதிய நால்வரில் ஒருவர் நம் நாட்டுப் பெண் என்பது நம் பாடப்புத்தகத்தில் இருக்க வேண்டிய செய்தி.

வீட்டில் செய்யும் சிகிச்சை எப்படி இருக்கும்? ஒரே ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். கால் விறைத்த பிள்ளையைத் தாய்மார் அநேகமாக இரண்டு கைகளிலும் கிடத்தித்தான் தூக்குவார்கள். வளர்ந்த பிள்ளையையும் பச்சைக் குழந்தையைப் போலவே. தலை பின்னால் சாயும், முதுகு வில்லாக வளையும், கால்கள் இன்னும் இறுகப் பின்னிக்கொள்ளும். பயிற்சி பெற்றவர் வந்தால் முதலில் மாற்றுவது இதைத்தான். பிள்ளையின் முழங்கால்களை மடித்து, தொடைகளை விலக்கி, தாயின் இடுப்பில் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார வைப்பார். நம் பெண்கள் காலங்காலமாகப் பிள்ளையை இடுப்பில் வைக்கும் அதே முறைதான். கால் விரிந்திருப்பதால் தசை இளகும். முதுகு நிமிர்வதால் பிள்ளை தலையைத் தூக்கி நாலு பக்கமும் பார்க்கும். தண்ணீர் எடுக்கப் போகும்போது, அடுப்படியில் நிற்கும்போது, பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போது எல்லாம் அந்தச் சிகிச்சை நடந்துகொண்டே இருக்கும். ஊட்டுவதும் இப்படித்தான். மடியில் மல்லாத்திக் கிடத்திப் பாலையோ கஞ்சியோ ஊற்றினால் புரையேறும், நெஞ்சுச் சளியும் காய்ச்சலும் மாறி மாறி வரும். உட்கார வைத்து, தலையைச் சற்று முன்சாய்த்து, கரண்டியை முகத்துக்கு நேரே கீழிருந்து கொண்டுவந்தால் பிள்ளை தானாக உதட்டை மூடி விழுங்கப் பழகும். கிளினிக்கில் இதைக் காட்டிக்கொடுக்கலாம். ஆனால் அந்த வீட்டுத் திண்ணை எவ்வளவு உயரம், கதிரைக்குப் பதிலாக எந்தச் சுவர் மூலையில் தலையணை வைத்து உட்கார வைக்கலாம், பாட்டி ஏன் மடியில் கிடத்தித்தான் ஊட்டுவேன் என்கிறாள் என்பதெல்லாம் வீட்டுக்குள் வந்தவருக்குத்தான் தெரியும்.

ஆய்க்குடிச் சங்கம் இதற்காகக் கிராமத்துப் பெண்களையே பயிற்றியது. சமுதாய மறுவாழ்வுப் பணியாளர் என்று அவர்களை அழைக்கிறார்கள். அவர்கள் வீடு வீடாகப் போகிறார்கள், பின்னால் இயன்மருத்துவர், தொழில்வழிச் சிகிச்சையாளர், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்புக் கல்வி ஆசிரியர் ஆகியோர் துணை நிற்கிறார்கள். இதற்கென ‘எனேபிளிங் இன்குளூஷன்’ என்று ஒரு செயலியையும் சங்கம் உருவாக்கியிருக்கிறது. பிள்ளை எதைச் செய்கிறது, எதைச் செய்யவில்லை, இந்த மாதம் குடும்பம் எதை விரும்புகிறது என்பதைப் பணியாளர் அதில் பதிவுசெய்வார். தூரத்தில் இருக்கும் நிபுணர் அதைப் பார்த்துப் பயிற்சியை மாற்றச் சொல்வார். கனடிய ஆய்வாளர்களோடு சேர்ந்து இந்த வேலையின் பலன்களை ஆய்விதழ்களிலும் வெளியிட்டிருக்கிறார்கள். பிள்ளையின் அசைவை மட்டும் அளக்காமல், தாயின் மனச்சுமையையும் அளக்கிறார்கள். அது எனக்குப் பெரிதாகப் படுகிறது. தமிழ்நாட்டு அரசும் இப்போது உலக வங்கியின் உதவியோடு ‘உரிமைகள்’ திட்டத்தின் கீழ் ‘விழுதுகள்’ என்ற பெயரில் சேவை மையங்களை மக்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க்கொண்டிருக்கிறது.

இலங்கையில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. கொழும்பு நட்புதவிச் சங்கம் 1831இல் தொடங்கியது. 1985இலிருந்து அது ஜெய்ப்பூர் கால் செய்து கொடுக்கிறது. ராஜஸ்தானில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே. சேத்தியும் வடிவமைத்த அந்த றப்பர் பாதத்தை அணிந்துகொண்டு செருப்பில்லாமல் சேற்றில் நடக்கலாம், சம்மணம் போட்டு உட்காரலாம். வயலில் இறங்குபவனுக்கு வேறென்ன வேண்டும்? யாழ்ப்பாணத்தில் 1987இல் தொடங்கிய ஜெய்ப்பூர் நிறுவனம், போரும் மிதிவெடியும் கால்களைப் பறித்த மண்ணில் எத்தனையோ பேரை மீண்டும் நடக்க வைத்தது. நுவரெலியாவில் ‘மென்கஃபெப்’ 1988இலிருந்து அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளோடும் அவர்களின் குடும்பங்களோடும் வேலை செய்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 28ஆம் இலக்கச் சட்டம் 1996இலேயே வந்துவிட்டது. அதே உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை 2016இல் நாடு ஏற்று உறுதிசெய்தது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7 வீதமானோர், ஏறத்தாழ பதினாறு இலட்சம் பேர், பார்ப்பதில், கேட்பதில், நடப்பதில் என்று ஏதோ ஒரு சிரமத்தோடு வாழ்ந்தார்கள்.

சமுதாய அடிப்படையிலான புனர்வாழ்வும் இங்கே சமூக சேவைகள் அமைச்சின் தேசியத் திட்டமாக நடந்தது. ஊர்த் தொண்டர்களை நம்பி அதை நடத்தினார்கள். அங்கேதான் அது தளர்ந்தது. சம்பளமில்லாத தொண்டர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், கலியாணம் முடித்துப் போவார், கார்மென்ட்ஸில் வேலை கிடைத்துப் போவார், வெளிநாடு போவார். இன்னொருவரை முதலிலிருந்து பழக்க வேண்டும். பிள்ளையோ யாருக்காகவும் காத்திருக்காமல் வளரும், விறைத்த மூட்டு அப்படியே இறுகும். ஆய்க்குடியில் வீட்டுக்கு வரும் பெண் சம்பளம் வாங்கும் ஊழியர். பின்னால் கேட்பதற்கு நிபுணரும் இருக்கிறார். இந்த இரண்டும்தான் பெரிய வித்தியாசம் என்பது என் கணிப்பு. கருணையை நம்பி ஒரு பிள்ளையின் ஆறு வருடத்தை நடத்த முடியாது.

நம் நாட்டில் இதற்கு ஒரு பெரிய வசதி ஏற்கனவே இருக்கிறது. குடும்பநல உத்தியோகத்தர். மிட்வைஃப் மிஸ் என்று நாம் கூப்பிடும் அவர், கடுகண்ணாவையின் எந்தப் படியிலும் ஏறி வருகிறார். கர்ப்பிணியின் பெயர் அவரிடம் இருக்கிறது, பிறந்த பிள்ளையின் நிறை அவரிடம் இருக்கிறது. பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் எந்த மாதத்தில் தலை நிற்க வேண்டும், எந்த மாதத்தில் உட்கார வேண்டும் என்ற பக்கமும் இருக்கிறது. பிந்தும் பிள்ளையை அவர் கண்டுபிடித்துவிடுகிறார், வைத்தியசாலைக்குக் கடிதமும் கொடுத்துவிடுகிறார். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் பயிற்சி கொடுக்க வருவதற்கு ஆளில்லை. அவர் தலையில் இன்னொரு வேலையைச் சுமத்துவதும் நியாயமில்லை. அவருக்குப் பக்கத்தில், அதே பிரதேசத்தில், அதே படிகளில் ஏறக்கூடிய, சிங்களமும் தமிழும் பேசக்கூடிய, சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒரு பயிற்றப்பட்ட பெண் வேண்டும். தோட்டத்துத் தாய்க்குத் தமிழில் சொல்ல ஆளில்லாமல் சைகையால் காட்டிய பயிற்சி, வீட்டுக்கு வரும்போதே பாதி மறந்துவிடுகிறது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இயன்மருத்துவத்தில் பட்டம் படிக்கிறார்கள். கடுகண்ணாவையிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்தான். அந்த மாணவர்களும் அவர்களின் ஆசிரியர்களும், யட்டிநுவரப் பிரதேச செயலகமும், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும், ஊரில் உள்ள ஏதாவதொரு நலன்புரிச் சங்கமும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் முதல் வருடத்துக்கு இரண்டு பெண்களைப் பயிற்றி அனுப்ப முடியும். கட்டடம் தேவையில்லை. ஒரு தொலைபேசி, ஒரு பதிவேடு, மாதச் சம்பளம், மழைக்காலத்துக்கு வழுக்காத சப்பாத்து. அடுத்த பிரதேச அபிவிருத்திக் கூட்டத்தில் வீதிக்கும் பாலத்துக்கும் பிறகாவது இதைக் கேளுங்கள். கேட்கும்போது பிள்ளைகளின் பெயர் வேண்டாம், எந்தெந்தக் கிராம சேவகர் பிரிவில் எத்தனை வீடுகள் என்ற எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.