பம்பரத்தில் ஓடிய பஸ்

தெருவிலே பிள்ளைகள் பம்பரம் ஆடுவதை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். சாட்டையைச் சுற்றி ஒரு வீச்சு வீசியதும் கைக்கும் பம்பரத்துக்கும் சம்பந்தம் அற்றுப் போகிறது. ஆயினும் பம்பரம் சுழன்றுகொண்டே இருக்கிறது. வீசிய கையின் பலம் எங்கே போயிற்று? அந்தச் சுழற்சிக்குள்ளேதான் அது குடியிருக்கிறது. குயவர் தம் சக்கரத்தை நாலு முறை வேகமாகச் சுற்றிவிட்டு, பிறகு இரண்டு கைகளையும் மண்ணிலே வைத்துப் பானை வனைவதும் இந்தச் சேமிப்பை நம்பித்தான். இதே சேமிப்பைக் கொண்டு மனிதர் நிறைந்த பஸ் ஒன்றை ஓட்டலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் நாம் நகைத்திருப்போம். ஸ்விட்ஸர்லாந்து தேசத்தார் நகைக்கவில்லை; ஓட்டியே காட்டிவிட்டார்கள்.

அந்த நாட்டில் மண்ணெண்ணெய் ஊற்றுக் கிடையாது. நிலக்கரிக்கும் அயலாரையே நம்பி நிற்க வேண்டும். ஆனால் மலையிலிருந்து விழும் நீர் ஏராளம். ஆகவே மின்சாரம் உண்டு. இரண்டாவது உலக யுத்தத்தில் நாற்புறமும் படைகள் சூழ்ந்தபோது, பெட்ரோல் வரவு சுருங்கினால் ஒரு தேசத்தின் கதி என்ன ஆகும் என்பதை அவர்கள் நன்றாக உணர்ந்தார்கள். அதே யுத்தத்தில் நம் நாட்டுச் சாலைகளிலும் கரி அடுப்பை முதுகில் சுமந்துகொண்டு பஸ்கள் இருமிக்கொண்டே ஓடியது பெரியவர்கள் சொல்லிக் கேள்விப்பட்ட விஷயம்.

மின்சாரம் இருந்தால் மட்டும் போதுமா? அதை வண்டிக்குள் எப்படிக் கொண்டுசேர்ப்பது? வழி நெடுகக் கம்பி கட்டலாம். சிறிய ஊர்களுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. ஈயத் தகடு வைத்த பாட்டரிகளை ஏற்றலாம். அவை பளு மிகுந்தவை, நிரப்புவதற்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும், சில வருஷங்களில் தேய்ந்தும் போகும். ஓர்லிகான் யந்திரசாலையின் நிபுணர்கள் 1940-களில் மூன்றாவது வழி ஒன்றைத் தேடினார்கள். அதன் பயன்தான் 'கைரோ பஸ்'.

பஸ்ஸின் வயிற்றிலே ஒன்றரை டன் எடையுள்ள எஃகுச் சக்கரம் ஒன்று படுக்கை வாட்டத்தில் வைக்கப்பட்டிருந்தது. அதன் குறுக்களவு ஏறக்குறைய 1.6 மீட்டர். நிறுத்தத்தில் வந்து நின்றதும் பஸ்ஸின் கூரையிலிருந்து மூன்று கோல்கள் எழும்பி, அங்கே நாட்டியிருக்கும் கம்பத்தின் மின்முனைகளைத் தொடும். உடனே ஒரு மோட்டார் சக்கரத்தைச் சுழற்றத் தொடங்கும். அரை நிமிஷம் முதல் மூன்று நிமிஷத்துக்குள் சக்கரம் நிமிஷத்துக்கு 3,000 சுற்று என்ற வேகத்தை அடைந்துவிடும். கோல்கள் இறங்கியதும் அதே மோட்டார் தன் தொழிலை மாற்றிக்கொண்டு, சக்கரத்தின் சுழற்சியிலிருந்து மின்சாரம் உற்பத்தி செய்து, பஸ்ஸை ஓட்டும் இன்னொரு மோட்டாருக்கு அளிக்கும். புகை இல்லை; நெருப்பு இல்லை. ஒரு தடவை முடுக்கினால் சுமார் 6 கிலோமீட்டர் வரை செல்லும். தடை போடும்போது வீணாகும் வேகத்தில் ஒரு பங்கையும் சக்கரத்துக்கே திருப்பிக் கொடுக்க முடியும்.

சக்கரத்தின் விளிம்பு அந்த வேகத்தில் மணிக்கு 900 கிலோமீட்டர் போகிறது என்று கணக்கிட்டால் சற்றுத் திகிலாகத்தான் இருக்கிறது. காற்று உராய்ந்து வேகத்தைக் குறைக்காதபடி, சக்கரத்தை மூடிய பெட்டிக்குள் லேசான ஹைட்ரஜன் வாயுவை நிரப்பியிருந்தார்கள். இத்தனை ஏற்பாட்டுக்குப் பின்னும் அந்தச் சக்கரம் சேமித்த சக்தி பத்து யூனிட்டுக்கு உட்பட்டதுதான். ஒரு லிட்டர் பெட்ரோலின் உஷ்ணசக்தியே ஏறக்குறைய 9 யூனிட் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த எண்ணெய் உலகத்தை ஏன் இப்படிக் கட்டிப் போட்டிருக்கிறது என்பது விளங்கும். பெட்ரோல் எஞ்சின் அதில் பெரும் பங்கைச் சூடாகவே காற்றில் விட்டுவிடுகிறது என்பது வேறு விஷயம்.

1953-ம் வருஷம் அக்டோபர் மாதம் நூஷாத்தெல் ஏரிக்கரையிலுள்ள இவெர்தோன் நகரத்திலிருந்து கிரான்ஸோன் வரை பொதுஜன சேவை ஆரம்பமாயிற்று. இந்த இவெர்தோன் கோட்டையில்தான் பெஸ்டலாட்ஸி முன்னொரு காலத்தில் பள்ளிக்கூடம் நடத்தினார். புதுப் பாடத்துக்கு ஏற்ற ஊர்தான்! பின்னர் 1955-ல் பெல்ஜியக் காங்கோவின் லியோபோல்ட்வில் நகரத்திலும், 1956-ல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்திலும் இந்த பஸ்கள் ஓடின.

ஆனால் காங்கோவில் வந்தது வினை. அங்கே ஓடியவை 90 பேர் வரை ஏற்றும் பெரிய வண்டிகள். ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு கம்பம். ஓட்டுநர்கள் தார் போடாத குறுக்குப் பாதைகளில் புகுந்தார்கள். மழை பெய்தால் அவை சேறாகிவிடும். ஈரக் காற்றில் மோட்டார்கள் திணறின. சக்கரத்தைத் தாங்கும் குண்டுகள் உடைந்தன. கெண்ட் நகரிலோ கிலோமீட்டருக்கு 2.9 யூனிட் மின்சாரம் செலவாயிற்று. இதைவிட அதிக ஜனங்களை ஏற்றும் டிராம் வண்டிக்கு 2 முதல் 2.4 யூனிட்டே போதும். பஸ்ஸின் பளுவோ சாலையையும் கெடுத்தது. 1959-ல் அந்த இரண்டு நகரங்களும் கைவிட்டன. இவெர்தோனில் எதிர்பார்த்த அளவு பிரயாணிகள் வரவில்லை. 1960 அக்டோபரில் அங்கேயும் நின்றது.

யந்திரக் கோளாறு ஒன்றே இதைத் தோற்கடித்தது என்று நாம் நினைக்கவில்லை. குண்டுகள் உடைந்தால் உறுதியான குண்டுகள் செய்யலாம். அந்த வருஷங்களில் எண்ணெய் தண்ணீர்பட்ட பாடாகக் கிடைத்தது; டீஸல் பஸ் கம்பத்தைத் தேடி நிற்கவும் வேண்டியதில்லை. யுத்த காலத்துப் பயம் நீங்கியதும் அந்தப் பயத்தில் பிறந்த பிள்ளையைப் பேணுவார் இல்லாமற் போயிற்று.

எனினும் சுழலும் சக்கரம் அடியோடு ஓய்ந்துவிடவில்லை. 2012-ல் பிரான்ஸ் தேசத்து லெமான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜெயித்த ஆடி மோட்டார் வண்டியில், தடை போடும் வேகத்தைச் சேமிக்க ஒரு சிறு சக்கரம் இருந்தது. நிறுத்தந்தோறும் சக்தி ஊட்டும் யோசனையும் வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது. ஓர்லிகான் யந்திரசாலையை 1967-ல் பிரௌன் போவேரி கம்பெனி வாங்கியது. அது 1988-ல் ஸ்வீடன் நாட்டுக் கம்பெனி ஒன்றோடு இணைந்து ஏபிபி என்று பெயர் பெற்றது. அந்த ஏபிபியின் மின்சார பஸ் ஒன்று 2013-ல் ஜெனீவா நகரத்தில் பரீட்சைக்கு விடப்பட்டது. அதன் வயிற்றில் இருப்பது சக்கரமல்ல, பாட்டரிதான். ஆனால் நிறுத்தத்தில் நின்றதும் கூரையிலிருந்து ஒரு கை நீண்டு மேலேயுள்ள மின்முனையைத் தொடுகிறது. பிரயாணிகள் ஏறி இறங்கும் சில விநாடிகளுக்குள் வேண்டிய மின்சாரத்தை வாங்கிக்கொண்டு பஸ் புறப்பட்டுவிடுகிறது.