பாட்டியின் கஷாயமும் நம் மாணவியரும்

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மயங்கி விழுந்தாள். சாப்பிடாமல் வந்திருப்பாள் என்றே நினைத்தோம். தனியே அழைத்துக் கேட்டபோதுதான் 11 நாள்களாக உதிரப்போக்கு நிற்கவில்லை என்றாள். மூன்று மாதமாகவே இப்படித்தானாம். பாட்டி கஷாயம் கொடுத்து வந்திருக்கிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தால் ஹீமோகுளோபின் 7.2. அவள் வயதுக்கு 12 இருக்க வேண்டும். அன்றே அரசு தலைமை மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

பாட்டியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டு வைத்தியம் எல்லாமே வீண் என்று அறிவியல் ஆசிரியையான நானும் சொல்லமாட்டேன். மாதவிடாயின்போது புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள் கருப்பையைச் சுருங்கச் செய்கிறது. அது மிகும்போது வலிக்கிறது. இஞ்சி இந்த வலியைக் குறைப்பதாகச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன. வெந்நீர் ஒத்தடமும் உதவும். உளுந்தங்களியும் எள்ளுருண்டையும் நல்ல உணவுகள். ஆனால் அவை உதிரப்போக்கை நிறுத்தும் மருந்துகள் அல்ல.

இயற்கையானது என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. சோற்றுக் கற்றாழையின் தோலையொட்டி வடியும் மஞ்சள் நிறப் பால் கடும் பேதி மருந்து. சரியாகக் கழுவாமல் கொடுத்தால் வயிற்றுப் பிடிப்பு கூடும். வெந்தயம் ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் என்பதால் இன்சுலின் போடும் மாணவிக்குக் கவனம் தேவை. சந்தையில் பெயரில்லாப் பொட்டலத்தில் விற்கும் செந்தூரத்தில் ஈயமோ பாதரசமோ இருக்கலாம். சித்த மருந்துதான் வேண்டுமென்றால் அரசு மருத்துவமனைகளிலேயே சித்தப் பிரிவு இருக்கிறது.

தள்ளிப்போனால் பப்பாளிக்காய் கொடுத்து 'வரவழைக்கும்' வழக்கமும் உண்டு. பூப்பெய்திய முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் சுழற்சி 45 நாள் வரை நீள்வது இயல்புதான். மூன்று மாதம் வராவிட்டால் தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி என்று காரணம் ஏதாவது இருக்கலாம். அதேபோல, 7 நாளுக்கு மேல் நீடித்தாலோ, மணிக்கொரு நாப்கின் மாற்ற வேண்டியிருந்தாலோ மருத்துவரிடம் அனுப்பிவிடுங்கள். ரத்தம் உறைவதில் குறை இருந்தால்கூட இப்படி ஆகும். அதைப் பரிசோதனையில்தான் கண்டறிய முடியும்.

எங்கள் தவறும் ஒன்று உண்டு. பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையை எங்கள் கண்முன் விழுங்கச் சொல்லாமல் கையில் கொடுத்தனுப்பினோம். அவள் அதை வீட்டில் டீயோடு விழுங்கியிருக்கிறாள். டீ, இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும்.

"நல்லதுன்னு நெனச்சுத்தானே டீச்சர் குடுத்தேன்" என்று பாட்டி அழுதார். "கஷாயத்தை மட்டும் நிறுத்துங்கம்மா, களியை விடாம கிண்டிக் குடுங்க" என்றேன். இப்போது மதிய உணவுக்குப் பின் வகுப்பிலேயே மாத்திரை போடுகிறார்கள். போன மாதம் அவளுக்கு 10.4 வந்திருந்தது.