படிவத்தில் இல்லாத அம்மா

மாதுங்கா ஒர்க்‌ஷாப்பில் 34 வருஷம் வேலை பார்த்தவன் நான். தினமும் டோம்பிவிலியிலிருந்து லோக்கல் ரயில்தான். பெட்டியில் கைதட்டல் சத்தம் கேட்டாலே பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொள்வேன். காசு கொடுத்த நாட்களிலும் முகத்தைப் பார்த்துக் கொடுத்ததில்லை. இதை எழுத இப்போது கூச்சமாகத்தான் இருக்கிறது.

சென்ற மாதம், இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி, அவள் அம்மாவின் மொபைலில் ஒரு பழைய விளம்பரம் பார்த்துக்கொண்டிருந்தாள். 2017-இல் விக்ஸ் கம்பெனிக்காக எடுத்தது. ஒரு சிறுமி பஸ்ஸில் ஹாஸ்டலுக்குப் போகிறாள். வழியெல்லாம் அம்மாவைப் பற்றியே பேச்சு. பெற்றவள் இறந்தபின் தன்னை எடுத்து வளர்த்த அம்மா. எல்லோருக்கும் உள்ள உரிமை என் அம்மாவுக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்கிறாள். அதற்காகவே வக்கீலுக்குப் படிக்கப் போகிறாளாம். அந்த அம்மா, கௌரி சாவந்த். தமிழில் திருநங்கை என்கிறோமே, அவர். நடிகை வைத்து எடுக்கவில்லை, அவரே வருகிறார்.

கதையும் அவருடையதுதான். புனேயில் ஒரு போலீஸ் அதிகாரியின் மகனாகப் பிறந்தவர். வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. பதினேழு வயது வாக்கில் மும்பைக்கு வந்துவிட்டார். 2000-த்தில் 'சகி சார் சௌகி' அறக்கட்டளையை ஆரம்பித்தார். எய்ட்ஸ் தடுப்பு வேலையில் அவருக்குத் தெரிந்த ஒரு பாலியல் தொழிலாளி அதே நோயில் இறந்துபோனார். அவருடைய சின்னப் பெண்ணை விற்கப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், யோசிக்காமல் போய் அழைத்து வந்துவிட்டார். அது 2008. பிறகு இப்படிப்பட்ட மற்றக் குழந்தைகளுக்காகவும் 'ஆஜீச்சா கர்', அதாவது பாட்டி வீடு, என்று ஓர் இல்லம்.

2014 ஏப்ரல் 15 அன்று சுப்ரீம் கோர்ட் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது. அந்த வழக்கில் கௌரியும் ஒரு மனுதாரர். ஆனால் தத்து விதிகளைப் பாருங்கள்: தனியாக வாழும் பெண் எந்தக் குழந்தையையும் தத்தெடுக்கலாம், தனியாக வாழும் ஆண் பெண் குழந்தையை எடுக்கக் கூடாது. இரண்டிலும் சேராதவரைப் பற்றிப் பேச்சே இல்லை. எங்கள் ரயில்வேயே 2016-இல் ரிசர்வேஷன் படிவத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டுவிட்டது. (எதையும் லேட்டாகச் செய்கிறவர்கள் என்று எங்களுக்குப் பெயர்!)

பேத்தி ஏதாவது கேட்பாள், என்ன சொல்வது என்று மனதுக்குள் தயார் செய்துகொண்டிருந்தேன். கேட்கவே இல்லை. நானாகத்தான், "அந்த அம்மாவைப் பார்த்தியா?" என்றேன்.

"பாவம் தாத்தா. அந்த அக்காவை விட்டுட்டுத் தனியா பஸ்ஸில திரும்பி வரணும். அழுவாங்க இல்ல?" என்றாள்.

அடுத்த வாரம் அவளோடு தாதருக்குப் போனேன். தாணே தாண்டியதும் கைதட்டல் சத்தம். என் சட்டைப் பையிலிருந்து பத்து ரூபாயை அவளே எடுத்து நீட்டி, "உங்க பாப்பா எங்கே? ஹாஸ்டலா?" என்று ஹிந்தியில் கேட்டாள். வந்தவர் ஒரு கணம் திகைத்துப்போனார். பிறகு சிரித்துக்கொண்டே அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். குர்லா வரும்வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டே வந்தார்கள். என் பேப்பர் மடியிலேயே கிடந்தது.