சீட்டு இருந்தும் வழக்கு ஏன்?

தில்லியிலிருந்தோ மும்பையிலிருந்தோ ஊர் திரும்பும் நம்மவர் சிலர், கையில் சீட்டு இருந்தும் பரிசோதகரோடு வாதாட நேர்கிறது. பணம் கொடுத்து வாங்கிய சீட்டு செல்லாமற் போவது எங்ஙனம் என்பது அவர்கள் கேள்வி.

சீட்டு என்பது பணம் பெற்றதற்குச் சான்று மட்டுமன்று. இன்ன வண்டியில், இன்ன நாளில், இன்ன வகுப்பில், இன்னார் செல்லலாம் என்னும் அனுமதி. இவற்றுள் ஒன்று பிறழினும் அது உரிய சீட்டு ஆகாது. காத்திருப்போர் பட்டியலிலேயே நின்றுவிட்ட சீட்டுடன் முன்பதிவுப் பெட்டியில் ஏறுவது இதற்கு எடுத்துக்காட்டு.

1989-ஆம் ஆண்டின் ரயில்வேச் சட்டம் இங்கே ஒரு வேறுபாடு காண்கிறது. ஏமாற்றும் எண்ணத்துடன் பிரயாணம் செய்வது 137-ஆம் பிரிவின்படி குற்றம். அவ்வெண்ணம் இல்லாதவர், 138-ஆம் பிரிவின்படி கட்டணமும் மிகைத்தொகையும் செலுத்துவதோடு செய்தி முடியும். மிகைத்தொகை என்பது அக்கட்டணத்துக்கு ஈடான தொகை அல்லது 250 ரூபாய், இரண்டில் எது மிகுதியோ அது.

செலுத்த மறுப்பவரை வண்டியினின்று இறக்கிவிடலாம். ஆயினும், ஆண் துணையின்றி வரும் பெண்ணையோ குழந்தையையோ இரவில் இறக்கலாகாது. பகலிலும், புறப்பட்ட நிலையம், சந்திப்பு, கடைசி நிலையம், மாவட்டத் தலைநகர் நிலையம் ஆகியவற்றில் மட்டுமே இறக்கலாம் என்று 139-ஆம் பிரிவு விதிக்கிறது. மொழி அறியாத ஊரில் நள்ளிரவில் தாயும் சேயும் தவிக்காமல் காப்பது இவ்விதியே.

ஆகவே, ஓடும் வண்டி வழக்காடும் இடமன்று. கேட்ட தொகையைச் செலுத்தி ரசீது பெறுங்கள்; சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். தவறாக வசூலித்திருந்தால் ரயில்வே நிர்வாகத்திடமும், பின்னர் ரயில்வே உரிமைக் கோரிக்கைத் தீர்ப்பாயத்திடமும் முறையிடலாம். அங்கே உங்களுக்காகப் பேசுவது அந்த ரசீதே.