பள்ளிப்பட்டிலிருந்து கடலுக்கு எப்படிப் போவது?

எங்க ஊர் பள்ளிப்பட்டு. திருவள்ளூர் மாவட்டத்தோட வடமேற்கு மூலை. ஊரைத் தாண்டினா ஆந்திரா. அப்பா காலமானப்போ அம்மா ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாங்க: "அஸ்தியைக் கடல்ல கரைக்கணும். நானும் கூட வரணும்."

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. முழங்கால் வலி, சர்க்கரை. ஐயர் காலை ஒன்பது மணிக்குள்ள வேலை முடியணும்னு சொல்லிட்டார். சரி, எப்படிப் போறது? பஸ்ஸா, ரயிலா, காரா? சாஃப்ட்வேர்காரன் என்ன செய்வான்? லேப்டாப்பைத் திறந்து ஒரு அட்டவணை போட்டேன். அதைப் போடும்போது தெரிந்துகொண்ட சில விஷயங்களை எழுதி வைக்கலாம் என்றுதான் இந்தப் பதிவு.

தூரம் ஒரு பிரச்சினையே இல்லை

முதலில் எந்தக் கடல் பக்கம் என்று பார்த்தேன். வரைபடத்தில் பள்ளிப்பட்டிலிருந்து மெரினாவுக்கு, எண்ணூர் முகத்துவாரத்துக்கு, பழவேற்காட்டுக்கு நேர்கோட்டுத் தூரம் அளந்தால் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: 95 கிலோமீட்டரை ஒட்டி வருகிறது. இந்தப் பகுதியில் கடற்கரை ஏறக்குறைய வடக்கு தெற்காக ஓடுவதுதான் காரணம். பறவையாக இருந்தால் எங்கே வேண்டுமானாலும் போகலாம். மனுஷனுக்கு அப்படியில்லை. பாதை எங்கே இருக்கிறதோ அங்கேதான் போக முடியும்.

பாதைகளோ பழைய முடிவுகள் போட்டுவைத்தவை. 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை திறக்கப்பட்டது. அது மேற்கே போகும் பாதை, அரக்கோணம் வழியாக. பிறகு பம்பாய்ப் பக்கம் போக வேண்டியிருந்தபோது, அரக்கோணத்திலிருந்து ஒரு கிளை பிரித்து, திருத்தணி, புத்தூர், ரேணிகுண்டா வழியாக வடமேற்கே கொண்டுபோனார்கள். அது 1871-இல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு இணைந்தது.

அதனால்தான் இன்றைக்கும் நகரியில் ரயில் ஏறுகிற ஒருவர், கிழக்கே கடல் இருக்கும்போது, முதலில் தெற்கே அரக்கோணம் வரை இறங்கிப் பிறகுதான் கிழக்கே திரும்புகிறார். நேர்கிழக்கில் நகரி, நாகலாபுரம் பக்கத்து மலைகள் வேறு நிற்கின்றன. புத்தூரிலிருந்து எண்ணூரை ஒட்டிய அத்திப்பட்டுக்கு ஒரு ரயில் பாதை, சுமார் 88 கி.மீ., 2008-09 ரயில்வே பட்ஜெட் காலத்திலேயே திட்டத்தில் சேர்க்கப்பட்டது. வந்தால் அந்தச் சுற்று குறையும்.

எல்லையும் இதில் விளையாடியிருக்கிறது. 1960 ஏப்ரல் 1 வரை நாங்கள் ஆந்திராவின் சித்தூர் மாவட்டம். படாஸ்கர் பரிந்துரைப்படி எல்லை மாறியபோது திருத்தணியோடு பள்ளிப்பட்டும் இந்தப் பக்கம் வந்தது. முதலில் செங்கல்பட்டு மாவட்டம், 1997-இலிருந்து திருவள்ளூர். தாத்தாவுக்குக் கோர்ட்டு, கச்சேரி எல்லாம் சித்தூர். அப்பாவுக்குத் திருத்தணியும் மெட்ராஸும். ஒரு கோடு நகர்ந்தது, வீட்டில் எல்லாரும் பார்க்கிற திசையே மாறிப்போச்சு.

காத்திருப்புக் கணக்கு

பயண நேரம் என்றால் வண்டி ஓடுகிற நேரம் என்று நினைக்கிறோம். ஊர்ப்புறத்திலிருந்து கிளம்புகிறவனுக்கு உண்மையான செலவு காத்திருப்புதான்.

ஒரு சின்னக் கணக்கு. அரை மணிக்கு ஒரு பஸ் சரியாக வருகிறது, நீங்கள் நேரம் பார்க்காமல் ஸ்டாண்டுக்குப் போகிறீர்கள் என்றால் சராசரியாக 15 நிமிஷம் நிற்பீர்கள். அதே எண்ணிக்கையில் பஸ்தான், ஆனால் ஒன்று 10 நிமிஷத்தில், அடுத்தது 50 நிமிஷத்தில் என்று மாறி மாறி வந்தால்? சராசரி இடைவெளி அதே 30 நிமிஷம். ஆனால் நீங்கள் நீளமான இடைவெளியில் போய் மாட்டிக்கொள்ளும் வாய்ப்புதான் அதிகம். கணக்குப் போட்டால் சராசரிக் காத்திருப்பு கிட்டத்தட்ட 22 நிமிஷம். "நான் போறப்ப மட்டும் பஸ்ஸே வர்றதில்லை" என்று அம்மா சொல்வது புலம்பல் இல்லை, கணிதம்!

அடுத்தது இணைப்பு. ஒரு வண்டியிலிருந்து அடுத்த வண்டியைப் பிடிக்க 80 சதவீத வாய்ப்பு என்று வையுங்கள். நல்ல வாய்ப்புதான். ஆனால் மூன்று இடத்தில் மாற வேண்டுமென்றால் 0.8 × 0.8 × 0.8 = 0.512. பாதிக்குப் பாதிதான். ஒவ்வொரு கண்ணியும் நல்லா இருந்தும் சங்கிலி அறுந்துபோகும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டு வருஷம் முன்னாடி அம்மாவைச் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பஸ், ரயில், மறுபடி ரயில், ஆட்டோ. காகிதத்தில் பத்து மணிக்குப் போய்ச் சேரவேண்டும். முதல் பஸ் இருபது நிமிஷம் தாமதம், திருத்தணியில் ரயில் கண்ணெதிரே கிளம்பிப் போனது. நாங்கள் போனபோது டாக்டர் எழுந்து போய்விட்டார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து சராசரி நேரம் பார்ப்பதை விட்டுவிட்டேன். "மோசமான நாளில் எத்தனை மணி ஆகும்?" என்றுதான் கேட்கிறேன். தாமதமானால் எதை இழப்போம் என்பதைப் பொறுத்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்று வழிகள்

ரயில்: பள்ளிப்பட்டில் ஸ்டேஷன் கிடையாது. முப்பது கிலோமீட்டர் போல திருத்தணிக்குப் போகணும். அங்கிருந்து சென்ட்ரல் சுமார் 82 கி.மீ. புறநகர் ரயில் அங்கேயே புறப்படுவதால் அம்மாவுக்கு உட்கார இடம் உறுதி. எண்ணூர் போவதென்றால் பேசின் பிரிட்ஜில் இறங்கி கும்மிடிப்பூண்டி வண்டி பிடிக்கலாம். டிக்கெட் செலவு மிகக் குறைவு, டிராஃபிக் கிடையாது. என் அட்டவணையில் இதுதான் முதலிடம். ஆனால் புறநகர் மின்சார ரயிலில் கழிப்பறை இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல், சர்க்கரை நோயாளி. இந்த ஒரு வரி எல்லா மதிப்பெண்ணையும் அடித்துவிட்டது.

பஸ்: நேர் பஸ் என்றால் இணைப்புக் கவலை இல்லை. ஆனால் சென்னைக்குள் நுழைந்தபிறகு எவ்வளவு நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது. கழிப்பறைப் பிரச்சினை இதிலும் உண்டு. கடற்கரைக்கு மறுபடி வேறு வண்டி.

கார்: வாடகை அதிகம். ஆனால் விடியுமுன் வீட்டு வாசலிலிருந்து கிளம்பலாம், வேண்டிய இடத்தில் நிறுத்தலாம்.

நடுவில் ஒருவர், "அதான் புது எக்ஸ்பிரஸ்வே வருதே" என்றார். சித்தூர்–தச்சூர் ஆறுவழிச் சாலையைச் சொல்கிறார். எங்கள் தாலுகா வழியாகத்தான் வருகிறது. ஆனால் அது உள்நாட்டுச் சரக்கை எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குக் கொண்டுபோகத் திட்டமிட்ட சாலை. இப்படிப்பட்ட சாலையில் குறிப்பிட்ட இடங்களில்தான் ஏற முடியும், இறங்க முடியும். நம் வயலை வெட்டிக்கொண்டு போகிற சாலை நம் வாசலில் நிற்கும் என்று அர்த்தமில்லை. லாரிக்கு நல்ல வழி வேறு, அம்மாவுக்கு நல்ல வழி வேறு.

அட்டவணையில் இல்லாத வரிசை

இவ்வளவும் போட்டு, மெரினா, கார், நாலு மணிக்குக் கிளம்பணும் என்று முடிவோடு அம்மாவிடம் போனேன். அவர் கேட்டார்: "நம்ம ஆறு எங்க போய் கடல்ல சேருது?"

நான் அதை யோசிக்கவே இல்லை. எங்கள் ஊரை ஒட்டி ஓடுவது கொசஸ்தலை ஆறு. மேலே ஆந்திராவில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் இங்கே தரைப்பாலம் முழுகும். மற்ற மாதங்களில் மணல்தான். கீழே பூண்டி. 1944-இல் கட்டி முடித்த, சத்தியமூர்த்தி பெயரிலுள்ள அந்த நீர்த்தேக்கத்தில் தண்ணீர் சென்னையின் குடிநீராக நிற்கிறது. மிச்சம் தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டி எண்ணூர் கழிமுகத்தில் கடலைச் சேர்கிறது. மொத்தம் சுமார் 136 கி.மீ. ஆறும் கடலுக்கு நேராகப் போவதில்லை, மேடு பள்ளம் பார்த்துத்தான் போகிறது.

"அங்கேயே போலாம்" என்றார் அம்மா. "அப்பா அந்த ஆத்துல நீச்சல் கத்துக்கிட்டவரு."

எண்ணூர் சுத்தமான இடம் இல்லை என்று சொல்லிப்பார்த்தேன். அனல்மின் நிலையச் சாம்பல், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கசிவு எல்லாம் சொன்னேன். "அதனால அந்த ஆறு கடலுக்குப் போகாமலா இருக்கு?" என்றார்.

நாலு மணிக்குக் கிளம்பினோம். திருத்தணி, திருவள்ளூர், நெமிலிச்சேரியில் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை ஏறி, நகரத்துக்குள் நுழையாமல் மீஞ்சூர், அங்கிருந்து எண்ணூர். வழியில் மூன்று தடவை நிறுத்தினோம். ஏழரைக்கு முகத்துவாரக் குப்பத்தில் இருந்தோம். ஒரு மீனவர் படகைப் பிடித்து அம்மாவை ஏற்றிவிட்டார். ஒன்பதுக்கு முன்னால் எல்லாம் முடிந்தது.

வீட்டுக்கு வந்து அந்த அட்டவணையைப் பார்த்தேன். நேரம், செலவு, இணைப்பு, கழிப்பறை என்று எல்லா வரிசையும் இருந்தது. பயணம் போகிறவரிடம் எங்கே போகணும் என்று கேட்ட வரிசை மட்டும் இல்லை. இப்போதெல்லாம் அதைத்தான் முதல் வரிசையாகப் போடுகிறேன்.